சொரசொரப்பு

"புதுக் கார் சொரசொரன்னு இருக்குமாக்கா?"

பெர்த் நகரில் லோசாவின் கார் மெருகூட்டும் கடைக்கு பிரெண்டன் வந்ததே இந்தக் கேள்விக்காகத்தான்.

"யார் சொன்னா?"

"என் மனைவி ஐலா. கார் எடுத்த அன்னிக்கே தடவிப் பார்த்துச் சொன்னா. உனக்குப் பிரமைன்னு சிரிச்சேன். பெரிய சண்டையாயிடுச்சு."

காரைக் கழுவித் துடைத்துவிட்டு லோசா ஒரு பிளாஸ்டிக் பையை நீட்டினாள். "கையை இதுக்குள்ள விட்டுத் தடவு தம்பி. நல்லாத் தெரியும்."

தடவினான். கண்ணாடியாய் மின்னிய வெள்ளைப் பூச்சு உப்புத்தாள் போல உராய்ந்தது.

"ரயில்ல ஏத்தி வந்த கார். தண்டவாளத்து இரும்புத்தூள் ஒட்டியிருக்கு. இதுக்குன்னே விக்கிற களிமண் கட்டியால தேய்ச்சா சாயங்காலத்துக்குள்ள வழவழன்னு ஆயிடும். உன் பொண்டாட்டி சொன்னதுதான் சரி."

பிரெண்டன் கையைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

"தேய்க்கிறது நாளைக்கு இருக்கட்டும்க்கா. முதல்ல அவகிட்ட சொல்லணும்."

லோசா வாய்விட்டுச் சிரித்தாள். "தோத்துட்டேன்னு ஒத்துக்கப் போறியா? அப்போ வெறுங்கையோட போய் நிக்காத. பூ வாங்கிக்கோ."

"வாரா வாரம் வாங்கிட்டுத்தான் போறேன்க்கா. கல்லறைத் தோட்டத்துல இவ்வளவு நாளும் சும்மா நின்னுட்டு வந்தேன். இன்னிக்குத்தான் அவகிட்ட சொல்ல ஒரு விஷயம் இருக்கு."