செவலையிடம் சொன்ன சொல்

அருங்காட்சியகத்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கிழிந்த கொடியும் பழைய திசைகாட்டியும் இருந்தன. "வடதுருவத்தைத் தொட்டதாகச் சொல்லிக்கொண்டவரின் பொருட்கள்" என்று அட்டையில் எழுதியிருந்தது. அதைப் படித்தவர்கள் சிரித்தார்கள்.

கொடிக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணே, நீயாவது சொல்லு. என்னை நட்ட இடம் துருவந்தானே?"

"இல்லடா. இன்னும் நாலு நாள் நடை பாக்கி இருந்துச்சு," என்றது திசைகாட்டி.

"அப்புறம் ஏன் பொய் சொன்னாரு?"

"வண்டி இழுத்த நாய்கள்ல மிஞ்சினது செவலை மட்டுந்தான். அதுவும் பனியில படுத்துடுச்சு. அதைத் தூக்கி மடியில போட்டுக்கிட்டு, 'வந்து சேந்துட்டோம்டா, பாரு'ன்னு உன்னை நட்டாரு. உன்னைப் பாத்து வாலை ஆட்டிச்சு. அப்படியே கண்ணை மூடிடுச்சு."

"ஊர் திரும்பினப்புறம் உண்மையைச் சொல்லியிருக்கலாமே?"

"ஊரே காறித் துப்பிச்சு. ஆனா செவலைகிட்ட சொன்னதை அவரு கடைசி வரைக்கும் மாத்திக்கல."