பின்னால் இடமில்லாத சீட்

மதிவாணன் ஓட்டிய வண்டியில், பின்னால் உட்கார்ந்து வந்த தம்பி தினகர் விழுந்து இறந்துபோனான். அதன்பிறகு அவனை வண்டியைத் தொடவே விடவில்லை அம்மா தேவானை. ஒரு வருடம் கழித்துத்தான் இறங்கிவந்தாள். “ஓட்டிக்கோ. ஆனா பின்னாடி இன்னொருத்தர் ஒக்கார்ற எடமே இருக்கக்கூடாது.”

அடையாறு வீட்டு மொட்டைமாடியில் அவனே ஃபைபர் சீட் செய்தான். ஃபோமைச் சீவி அச்சாக்கி, மேலே கண்ணாடி இழைத் துணியை அடுக்கி, ரெசின் பிசினைப் பூசினான். ஒருவர் மட்டும் உட்காரலாம். பின்னால், யாரும் உட்கார முடியாதபடி, காளைக்கு இருப்பதுபோல் வழுக்கும் திமில். ரெசின் இறுகும்போது சூடாகும், சற்று நேரத்தில் ஆறிவிடும்.

மறுவாரம் ஒரு விடியற்காலையில் சீட்டைப் பொருத்தினான். சீட் பனியில் சில்லென்றிருந்தது. திமில் மட்டும், ஆள் அப்போதுதான் எழுந்துபோன நாற்காலிபோல் இளஞ்சூடாக இருந்தது.

“வெயில் பட்டிருக்கும்மா.”

“வெயிலு இன்னும் வர்லடா.”

அம்மா அதன்மேல் வைத்த கையை வெகுநேரம் எடுக்கவில்லை. பிறகு திமிலைப் பார்த்து, “அண்ணன கெட்டியா புட்ச்சிக்கினு ஒக்காரு,” என்றாள்.

அன்று ஈக்காட்டுத்தாங்கல் போகும்வரை, வேகத்தடை வந்தபோதெல்லாம், இரண்டு பேர் போகும் வண்டியைப்போலவே மெதுவாக ஏற்றி இறக்கினான் மதிவாணன்.