எதை அடைகாக்கிறாள்?

காக்கை முட்டையைத் தூக்கிக்கொண்டு போன நாளிலிருந்து அந்தப் பெண்புறா தன் கூட்டுப் பக்கமே போகவில்லை. அடுக்குமாடிகளுக்கு நடுவே ஓயாமல் பறந்துகொண்டிருந்தது. ஒரு காலையில் மூன்றாவது மாடி ஜன்னலுக்குள், ஒரு பெண் சின்னப் புத்தர் சிலைக்கு முன்னால் கண்ணை மூடி அசையாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தது. மறுநாளும் அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

புறாவுக்கு ஆவல் தாங்கவில்லை. ஜன்னல் கம்பிக்கு உள்ளே படுத்திருந்த பூனையிடம் பயத்தை அடக்கிக்கொண்டு கேட்டது: "பூனையக்கா, உங்க வீட்டம்மா எதை அடைகாக்கிறாங்க? கீழே முட்டை ஒண்ணும் காணோமே?"

பூனை கொட்டாவி விட்டது. "முட்டையா? அவங்க தம்பி போன வருஷம் விபத்துல போயிட்டான். அழுகை வரும்போதெல்லாம் டிவியைப் போடுவாங்க, இல்லேன்னா போனை எடுத்துக்கிட்டு ஓடுவாங்க. இப்ப புத்த விகாரையில தியானம் கத்துக்கிட்டு வந்து மூச்சைக் கவனிக்கிறாங்க. துக்கம் வந்தா அதுகூடவே உட்கார்ந்திருக்காங்க."

"அப்படி உட்கார்ந்தா துக்கம் போயிடுமா?"

"எங்க போகுது? நேத்துக்கூட அழுதாங்க. ஆனா எழுந்ததும் எனக்குப் பால் ஊத்துவாங்க. முன்னெல்லாம் நான் பட்டினிதான்."

புறா உள்ளே எட்டிப் பார்த்தது. அந்தப் பெண்ணின் கன்னத்தில் கண்ணீர் இறங்கியது. அவள் எழுந்து ஓடவில்லை.

புறா நேரே தன் கூட்டுக்குப் பறந்தது. அங்கே அதன் துணை வெறும் குச்சிகளின் மேல் தனியாக உட்கார்ந்திருந்தது.

"வந்துட்டியா?" என்று கேட்டு, நகர்ந்து இடம் விட்டது.