பிரஷ் தொடாத சுற்று

அந்தக் காலத்துக் கணிப்பொறி ஒன்றில், ஓயாமல் சுழலும் உருளையின் மேல் மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் ஒரு கண்டன்சர் இருந்தது. ஒரு பெரிய கணக்கின் ‘ஒன்று’ அதனிடம் மின்சாரமாக இருந்தது; மின்சாரம் இல்லாவிட்டால் பூஜ்யம் என்று அர்த்தம். அது போனால் கணக்கே போச்சு. மின்சாரமோ கசிந்துகொண்டே இருக்கும். அதனால் ஒவ்வொரு சுற்றிலும், உருளைக்குப் பக்கத்தில் நிற்கும் கம்பி பிரஷ் ஒன்று அதைத் தொட்டுப் பார்த்து, இருப்பதையே மறுபடி நிரப்பிவிடும்.

“ஒன்றுதானே? பத்திரமா இருக்கா?”

“இப்பத்தானேப்பா கேட்டே! என்னை நம்பவே மாட்டியா? கொஞ்ச நேரம் சும்மா இரேன்.”

பிரஷ்ஷுக்குச் சுருக்கென்றது. “சரி, நீயே பார்த்துக்கோ” என்று ஒதுங்கி நின்றது. உருளை சுற்றியது, மறுபடி சுற்றியது. பிரஷ்ஷுக்கு இருப்புக் கொள்ளவில்லை, ரோஷமும் விடவில்லை. கடைசியில் ரோஷத்தை விழுங்கிக்கொண்டு தொட்டது.

“ஒன்றுதானே?”

“எந்த ஒன்று? என்கிட்ட எப்பவும் பூஜ்யம்தானே இருக்கு” என்றது கண்டன்சர். குரலில் பழைய கோபம்கூட இல்லை.

பிரஷ்ஷுக்கு நன்றாக நினைவிருந்தது. ஆனால் இருப்பதை நிரப்பத்தான் அதற்குத் தெரியும், இல்லாததை வைக்கத் தெரியாது. அடுத்த சுற்றில் மெதுவாகக் கேட்டது:

“பூஜ்யம்தானே? பத்திரமா இருக்கா?”

“பத்திரமா இருக்குப்பா. நீ மட்டும் அடிக்கடி வந்து பார்த்துட்டுப் போ.”