பெயர் சூட்டிய சோதனை

"தோத்துட்டுப் பேச்சு மாறக்கூடாது, கர்ட்!" என்றாள் மாரிட், ஏழு மாத வயிறு கருவியில் இடிக்காமல் திரும்பிக்கொண்டே.

"மாற மாட்டேன். நான் ஜெயிச்சா பொண்ணுக்கு எங்க அம்மா பேரு. பெர்த்தா!"

"நான் ஜெயிச்சா ஐவி."

வீட்டில் கொஞ்ச நாளாக இதே சண்டைதான். பெர்த்தா என்று காதில் விழுந்தாலே மாரிட்டுக்குப் பற்றிக்கொண்டு வரும். மாமியாரோ தினமும் போன் போட்டு நினைவூட்டிக்கொண்டிருந்தாள். கடைசியில் கணவனும் மனைவியும் தாங்கள் வேலை பார்க்கும் மினசோட்டா ஆய்வகத்திலேயே பந்தயம் கட்டிவிட்டார்கள். கடுங்குளிரில் மின்சாரத்தைத் தடையே இல்லாமல் விடும் பொருள் மீக்கடத்தி. கருவிக்குள் இருக்கும் மீக்கடத்தி முதல் வகையா, இரண்டாம் வகையா?

"நாம உருக்கிச் செஞ்ச புது உலோகக் கலவை. கலவைன்னாலே இரண்டாம் வகைதான். காந்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமா உள்ளே விட்டு, மெதுவாத்தான் தோத்துப்போகும்," என்றான் கர்ட்.

"இது முதல் வகை. கடைசி வரைக்கும் காந்தத்தை உள்ளேயே விடாது. அப்புறம் ஒரே அடியா விழுந்துடும். உங்க அம்மா வந்தா நான் இருக்கிற மாதிரி!"

"சுத்தமான உலோகம்தாம்மா அப்படி விழும். ஐவியை மறந்துடு."

காந்தத்தைக் கூட்டக் கூட்ட, உள்ளே இருக்கும் பொருள் அதை எவ்வளவு எதிர்க்கிறது என்று காட்டும் கோடு திரையில் நேராக ஏறியது. ஏறிக்கொண்டே போய்ச் சட்டென்று செங்குத்தாக விழுந்தது.

முதல் வகை!

கர்ட் தலையில் கை வைத்துக்கொண்டான். அங்கிருந்தே அம்மாவுக்குப் போன் செய்தான். "நான் என்னம்மா செய்ய? பந்தயத்துல தோத்துட்டேன். குடுத்த வாக்கை மீறக்கூடாதுன்னு நீதானே சொல்லி வளர்த்தே?"

அவன் முகத்தைப் பார்க்க மாரிட்டுக்குப் பாவமாகிவிட்டது. கோட்டுப் பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்து நீட்டினாள்.

"திட்டாதே கர்ட். நம்ம கலவை இதுல இருக்கு. உள்ளே இருக்கிறது வெறும் காரீயம். திங்கட்கிழமைன்னா முதல்ல சுத்தமான காரீயத்தை வச்சுத்தான் கருவியைச் சரிபார்க்கணும்னு நீதானே விதி போட்டே? நீ மறந்துட்டே, நான் வாயைத் திறக்கலை. இந்தப் பந்தயம் செல்லாது."

கர்ட் அந்த டப்பாவை மறுபடி அவள் பையிலேயே போட்டு மூடினான்.

"யாரு மறந்தது? பந்தயம் கட்டும்போதே தெரியும். அந்தப் பேரு எனக்கும் பிடிக்கலைன்னு அம்மாகிட்ட யாரு போய்ச் சொல்றது?"