அரை வாளிச் சட்டம்

"ஐயா, கையெழுத்து கிடக்கட்டும். முதல்ல எங்க இருநூறு வீட்டுச் சார்பாவும் உங்களுக்கு ஒரு பெரிய கும்பிடு!"

வயலோரத்து மோட்டார் அறை வாசலில் நின்று இரண்டு கைகளையும் குவித்தார் டீச்சர். கணக்குப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர்; இப்போது குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். பக்கத்தில் ஒப்பந்தத் தாள்களோடு நின்ற பொருளாளரும், முதுகைச் சொறிந்துகொண்டிருந்த கையை எடுத்துவிட்டு அவசரமாக ஒரு கும்பிடு போட்டார்.

"அட, என்னம்மா நீங்க!" கயிற்றுக் கட்டிலில் இருந்து எழுந்தார் விவசாயி. "நியாயமாப் பார்த்தா நான்தான் உங்களைக் கும்பிடணும். உட்காருங்க, உட்காருங்க."

எவ்வளவு பெரிய மனசு என்று டீச்சர் நெகிழ்ந்தார். பத்து வருடங்களுக்கு முன்னால், கால்வாயில் தனக்கிருந்த தண்ணீர்ப் பங்கைக் குடியிருப்புக்கு எழுதிக் கொடுத்தவர் இந்த மனிதர். அந்த ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. இவர் மறுபடி கையெழுத்துப் போடாவிட்டால், அடுத்த மாதம் முதல் இருநூறு வீட்டுக் குழாய்களிலும் வெறும் காற்றுதான் வரும்.

"எங்க வயித்துல பாலை வார்த்தீங்க ஐயா. அப்ப என் மக பிரசவத்துக்கு வந்திருந்தா. வீட்டுல சொட்டுத் தண்ணி இல்ல. லாரி வருமா வருமான்னு குடத்தோட தெருவுலயே நின்னேன். அந்த வாரம்தான் உங்க தண்ணி குழாய்ல வந்துச்சு. என் பேத்தியை முதன்முதலாக் குளிப்பாட்டினது உங்க தண்ணியிலதான்."

விவசாயியின் முகம் மலர்ந்தது. "நல்லா இருக்கட்டும்மா. நல்லாக் குளிக்கட்டும். உங்களால நானும் நல்லாத்தான் இருந்தேன். தீவனப் புல் போட்டேன், எட்டு மாடு வாங்கினேன், பையனைப் படிக்க வெச்சேன். எல்லாம் உங்க புண்ணியம்."

பொருளாளர் தாளை நீட்டினார். விவசாயி பேனாவைத் திறந்தார். ஆனால் பேனா தாளைத் தொடவில்லை.

"ஆனா ரெண்டு வருஷமா புல்லெல்லாம் காயுதும்மா. மூணு மாட்டை வித்துட்டேன். இப்படியே போனா மிச்சமும் போயிடும். பேசாம என் கால்வாய்ப் பங்கை நானே திருப்பி எடுத்துக்கலாமான்னு யோசிக்கிறேன்."

டீச்சருக்குப் பழையபடி குடமும் லாரியும் கண்முன் வந்தன. இருந்தாலும் அவர் வெறுங்கையோடு வரவில்லை.

"ஐயா, உங்க வயலைக் காயவெச்சு நாங்க ஊதாரித்தனம் பண்றோம்னு மட்டும் நினைச்சுடாதீங்க. ரெண்டு வருஷத்துக்கு முன்னால நான் பொறுப்புக்கு வந்ததும் முதல் வேலையா ஒரு சட்டம் போட்டேன். குளிக்க ஆளுக்கு அரை வாளி. துணி துவைக்க வாரத்துல ஒரே நாள். எல்லாம் உங்களுக்குச் செய்யற மரியாதை."

"அதை ஏன் கேக்கறீங்க அண்ணே," என்றார் பொருளாளர், மறுபடி முதுகுக்குக் கையைக் கொண்டுபோய். "ரெண்டு வருஷமா காக்காய்க் குளியல்தான். ஒரு சொம்பு கூடினா நோட்டீஸ் போர்டுல பேர் வந்துடும்."

விவசாயி கட்டிலில் மெல்ல உட்கார்ந்தார். "ரெண்டு வருஷமாவா?"

"ஆமா ஐயா! முன்ன செலவானதுல சரிபாதிதான் இப்ப ஆகுது. கணக்கெல்லாம் கையிலயே வெச்சிருக்கேன், பாருங்க."

விவசாயி கணக்கைப் பார்க்கவில்லை. அவர் கண்கள் காய்ந்து கிடந்த புல்லின் மீது இருந்தன. அந்தப் பார்வை டீச்சரை உலுக்கிவிட்டது. தனக்குத் தண்ணீர் கொடுத்தவர் மாட்டை விற்கும் நிலைக்கு வந்துவிட்டாரே என்று நெஞ்சு பதறியது.

"கவலைப்படாதீங்க ஐயா, இன்னும் இறுக்கிப் பிடிக்கிறேன். நாளையிலிருந்து கால் வாளிதான்!"

பொருளாளர் சொறிவதைக்கூட மறந்து டீச்சரைப் பார்த்தார்.

"ஐயையோ, வேண்டாம்மா!" விவசாயி துள்ளி எழுந்தார். "இப்பவே கையெழுத்துப் போடறேன். ஒரே ஒரு நிபந்தனை."

"எதுவா இருந்தாலும் சொல்லுங்க ஐயா, தலைகீழா நின்னாவது செய்யறோம்."

"நீங்க குளிச்சு, துவைச்சு விடற தண்ணியைச் சுத்தம் பண்ணித்தான் நகராட்சி என் வயலுக்கு அனுப்புது. அதை நம்பித்தானே கால்வாய்ப் பங்கையே உங்களுக்குக் கொடுத்தேன்! உங்களுக்குக் கோடிப் புண்ணியம், நாளையிலிருந்து எல்லாரும் பழையபடி ரெண்டு வாளி ஊத்தி நல்லாக் குளிங்கம்மா!"