பெயிண்ட் அடிக்காத கோடு

"தீபாவளிக்கு வீடு முழுக்கப் பெயிண்ட் அடிச்சிட்டு, இடுப்பு உயரத்துல இந்தக் கறையை மட்டும் ஏன் விட்டே கோமளா?" என்றாள் ரமணி. பழைய ஃபேக்டரித் தோழி. மலேசியாவுக்குள்ளேயே இருந்தும், பல வருடங்கள் கழித்துத்தான் சுங்கை வேயிலிருந்து கிள்ளானுக்கு வந்திருந்தாள்.

"அது இருக்கட்டும் லா, கேசரி சாப்பிடு. எங்க வீட்டுப் பொண்ணுக்கு அவார்டு! வெளிநாட்டுல படிக்கிறப்போ செஞ்ச ஆராய்ச்சிக்கு, யூனிவர்சிட்டியிலேயே முதல் பரிசு. இன்னும் டிகிரிகூட முடிக்கல."

"என்ன ஆராய்ச்சி?"

"வெள்ளம். முந்நூறு வீடு ஏறி இறங்கி, தண்ணி எவ்வளவு உயரம் வந்துச்சுன்னு அளந்து மேப் போட்டா. அதைப் பார்த்துத்தான் இப்போ கால்வாயை அகலப்படுத்துறாங்க."

"கெட்டிக்காரிதான். ஆனா நம்ம புள்ளைங்க அங்க போய் வெள்ளைக்காரனுக்கு உழைக்குதுங்க. இங்க கிள்ளான் மூழ்கினா யாரு வந்து அளக்கிறா?"

கதவு திறந்தது. செம்பட்டை முடியோடு, கையில் அளவு நாடாவோடு ஒரு வெள்ளைக்காரப் பெண் உள்ளே வந்து, "ஆன்டி, பசிக்குது!" என்றாள்.

"ஸ்காட்லாந்துப் பொண்ணு. எங்க மேல் ரூம்ல வாடகைக்கு இருக்கா," என்றாள் கோமளா. "அவளுக்கு நம்ம கிள்ளான்தான் வெளிநாடு."

ரமணி சுவரைப் பார்த்தாள். "அப்போ இந்தக் கறை?"

"அவ முதல்ல அளந்தது அதைத்தான். அதுமேல பெயிண்ட் அடிக்க மனசு வரல."

ரமணி எழுந்து, தன் கேசரித் தட்டை அந்தப் பெண்ணிடம் நீட்டினாள்.

"எங்க தாமான் வீடுங்கள்லயும் தண்ணி ஏறுதும்மா. எப்போ அளக்க வரே?"